மேசையில் தண்ணீர் இருக்கக் கூடாது

போன மாதம் என் பழைய ஹோட்டலிலிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஃப்ராவ் வீஸ் என்கிற அம்மா. நான் ஓய்வு பெற்ற பிறகு உணவுக்கூடத்துக்குப் பொறுப்பாக வந்தவர், நேரில் கண்டதில்லை. படத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை. பதினேழு விதிகள் தட்டச்சில், பதினெட்டாவது பென்சிலில். கீழே அவருடைய கேள்வி: "ஒன்பதாம் விதி மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக் கூடாது என்கிறது. பதினெட்டாம் விதி கையில் தண்ணீர் வைத்திருக்கச் சொல்கிறது. இது பகிடியா, ஹெர் நாதன்?"

பகிடி இல்லை. ஆனால் இரண்டு வரியில் பதில் அனுப்பி முடிக்கிற காரியமும் இல்லை. இப்போது பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் மகள் வீட்டுக்கு அடுத்த கட்டிடத்தில் இருக்கிறேன். காலையில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் மிச்ச நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. ஆகவே எழுதுகிறேன். ஃப்ராவ் வீஸுக்குத் தமிழ் தெரியாது. மகள் ஜெர்மனில் சுருக்கிச் சொல்வாள். அவள் சுருக்கினால் எனக்கே கதை விளங்காது, அது வேறு.

நான் தொழில் பழகிய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எண்பதுகளில் இலங்கையிலிருந்து சுவிசுக்கு அகதியாக வந்து இன்டர்லாக்கனில் அந்த ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ஐந்து வருடம் கழுவினேன். பிறகு கரட் வெட்டினேன். ஒருநாள் பரிமாறுகிற பையன்களில் ஒருவன் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை ஒன்றைத் தந்து என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை குசினிக்குள் திரும்பிப் போகவில்லை.

வெளியே நின்றவர் ஹெர் எஷ்லிமான், உணவுக்கூடத்தின் தலைவர். எமன்தால் பக்கத்து விவசாயி மகன், என் வயதுதான். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டின் உட்பையில் ஒரு மர அடிமட்டம் வைத்திருப்பார். கிளாஸ் மேசை விளிம்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று அளப்பார். பிழை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். அடிமட்டத்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நாங்கள் கிளாஸைத் திருத்தி, அடிமட்டத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நன்றி சொல்ல வேண்டும். இதைவிட ஏச்சு வாங்கியிருக்கலாம்.

எங்கள் ஹோட்டலில் ஒவ்வொரு செப்டெம்பரும் ஆங்கில வாரம் நடக்கும். பிரித்தானியர்கள் மலை பார்க்க வரத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வழக்கம் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த வாரத்துச் சனிக்கிழமை இரவு பெரிய விருந்து. சாப்பாடு முடிந்து காப்பி வருமுன் மூத்த விருந்தினர் எழும்பி, "சீமாட்டிகளே, சீமான்களே, மகாராணி" என்று ஆங்கிலத்தில் சொல்வார். எல்லாரும் எழும்பி "மகாராணி" என்று சொல்லி, ஒரு மிடறு போர்ட் வைன் குடித்துவிட்டு இருப்பார்கள். அவ்வளவுதான். ஒரு நிமிடமும் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அந்தப் பதினேழு விதிகள்.

எஷ்லிமான் இங்கிலாந்துக்கு ஒருமுறையும் போனதில்லை. எந்த அரசரையும் நேரில் கண்டவரும் இல்லை. ஒருநாள் கேட்டேன், அரசரே இல்லாத நாட்டில் இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று.

"எங்களுக்கு அரசர் இல்லை, ஹெர் நாதன்," என்றார். "அதனால்தான் நாங்கள் இதைச் சரியாகச் செய்ய வேண்டும். அவர்கள் பிழையாகச் செய்யலாம். அரசர் அவர்களுடையவர்."

மூன்றாம் விதி: ஹோட்டலில் தங்கியிருக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரில் வயதில் மூத்தவரே வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓய்வு பெற்ற இரண்டு கேணல்கள் யார் மூத்தவர் என்று சூப் ஆறும்வரை சண்டை பிடித்தார்களாம். அன்றிலிருந்து வரவேற்பில் கொடுக்கும் கடவுச்சீட்டுகளை எஷ்லிமான் பிறந்த திகதி வாரியாக அடுக்கி வைப்பார். நான்காம் விதி: மூத்தவர் மறுத்தால் வாழ்த்தே இல்லை, அடுத்தவரிடம் கேட்கக் கூடாது. ஆறாம் விதி: மூன்று நிமிடத்துக்கு முன் காப்பி இயந்திரத்தை நிறுத்த வேண்டும், அது சீறும்.

பதினான்காம் விதி பிறகு வந்தது. நான் தொடங்கிய காலத்தில் எல்லாரும் பலகை மாதிரி ஒன்றாக எழும்புவார்கள். பிறகு பிள்ளைகளும் மருமக்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர், நான் ஒருவருக்கும் எழும்பமாட்டேன், எனக்கு முடியாட்சியில் நம்பிக்கை இல்லை என்றார்கள். எஷ்லிமான் கோபிக்கவில்லை. பதிவுப் படிவத்தில், சைவமா என்ற கேள்விக்கும் கடலை ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கும் நடுவில், "வாழ்த்தின்போது எழும்புவீர்களா, இருப்பீர்களா?" என்று ஒரு கட்டம் போட்டார். இருப்பேன் என்கிறவர்களுக்குப் பெரிய தூணுக்குப் பின்னால் மேசை. நல்ல மேசைதான், மலையும் தெரியும்.

ஒன்பதாம் விதி எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. போர்ட் ஊற்றுமுன் தண்ணீர்க் கிளாஸ், தண்ணீர்ச் சாடி, விரல் கழுவும் கிண்ணம், பூச்சாடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் ஒரு பெண்ணுக்கு வாழ்த்து நேரத்தில் விக்கல் பிடித்தது. அவர் கையால் தண்ணீர் கேட்க நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மகாராணிக்கு வாழ்த்து விக்கலோடு போய்ச் சேர்ந்தது.

காரணத்தைச் சொன்னவர் மிஸ்டர் ப்ரிச்சர்ட். இங்கிலாந்தில் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். முதலில் மனைவியோடு வந்தார், பிறகு தனியாக வந்தார். ஆறு வருடமாக வாழ்த்துச் சொன்னவரும் அவர்தான். அவர் சொன்ன கதை இது. முன்னூறு வருடத்துக்கு முன் ஒரு அரசரைத் துரத்திவிட்டார்கள். அவர் கடலுக்கு அப்பால் போய் இருந்தார். பிறகு வந்த அரசருக்கு எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறபோது, பழையவரின் ஆட்கள் தங்கள் கிளாஸைத் தண்ணீருக்கு மேலால் கொண்டுபோய்க் குடிப்பார்களாம். தண்ணீருக்கு அப்பால் இருக்கிற அரசருக்கே என் வாழ்த்து என்று அர்த்தம். அதைத் தடுக்கத்தான் தண்ணீரை எடுக்கிறது. அவர் சொன்ன பிறகுதான், ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொரு வருடமும் சரியாக அந்த நேரத்தில் கண்ணைச் சிமிட்டித் தண்ணீர் கேட்டது ஏன் என்று பிடிபட்டது. நான் அவருக்கு நீரிழிவு என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கதை எனக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் இருக்கிற ஒன்றுக்காகச் சத்தமில்லாமல் கிளாஸ் தூக்குகிற சனத்தை எனக்குத் தெரியும். பேர்ன் பக்கத்தில் எங்களுடைய அரைவாசிக் கலியாணவீடுகள் அப்படித்தான் நடந்தன.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். நான் எந்த வருடம் பிறந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் பிறந்தபோது உங்கள் நாட்டுக்கும் அவர்தான் மகாராணி," என்றார். உண்மைதான், இலங்கை குடியரசாகும்போது எனக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது கிராமசபை நேர்காணலில், நீங்கள் பிறந்தபோது உங்கள் நாட்டின் தலைவர் யார் என்று யாரோ பேச்சுவாக்கில் கேட்டார்கள். நான் மகாராணியின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, "அகதியாக வந்தது இலங்கையிலிருந்துதானே?" என்று கேட்டார். விளக்கி முடிக்க நாற்பது நிமிடம் போனது. சீஸ் வகைகளைக் கேட்க நேரம் இல்லாமல் என்னைப் பாஸ் பண்ணிவிட்டார்கள்.

இனிக் கடைசி வருடம். எஷ்லிமானும் நானும் அடுத்த வசந்தத்தில் ஓய்வு. ப்ரிச்சர்டுக்கு எண்பத்தெட்டு. வந்த அன்றே பெட்டியை வாங்கும்போது சொன்னார், இனி விமானம் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். "இது கடைசித் தடவை, நாதன். ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறேன்." மனைவி இருந்த காலத்தில் அவர் சொல்லும்போது பக்கத்தில் எழும்பி நின்று முதலில் கிளாஸ் தூக்குவது அந்த மனுசிதான். அவர் இங்கே வந்து போனதே அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும்போது மகாராணி இறந்த செய்தி வந்தது. கரண்டியைக் கையில் வைத்தபடி சனம் அழுதது. எஷ்லிமான் அட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மணித்தியாலத்தால் வந்தார். ராணி என்று இருந்த ஏழு இடத்திலும் அரசர் என்று மாற்றிப் புதிதாய் அடித்திருந்தார்.

அடுத்தது படம். கூடத்துச் சுவரில் மகாராணியின் பெரிய படம் ஒன்று உண்டு. புது அரசரின் படம் இன்டர்லாக்கன் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைகளில் பசுமாட்டுப் படம்தான் இருந்தது. "உங்கள் ஆட்கள் பெரிய படம் அவசரமாக அடிப்பார்களே, ஹெர் நாதன்," என்றார் எஷ்லிமான். அது சரி. எங்களில் ஒருவர் செத்தால் மறுநாளே ஆளுயரப் படம் வந்துவிடும். பேர்னில் அச்சுவேலை செய்கிற எங்கள் பையன் ஒருவனுக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை படம் வந்தது. பிரித்துப் பார்த்தோம். அரசர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, மேலே பூமாலை, அடியில் பிறந்த திகதி, அதன் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் வெற்றிடம்.

தொலைபேசியில் கத்தினேன். "அண்ணை, என்னட்ட இருக்கிற டிசைன் அதுதான்," என்றான். "நான் இன்னும் உயிரோட இருக்கிற ஆளுக்கு அடிச்சதில்லை. மற்றத் திகதியை விட்டுத்தானே இருக்கிறன்."

எஷ்லிமான் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "விளக்கு அழகாக இருக்கிறது," என்றார். பிறகு அதைத் துணிக்களஞ்சியத்தில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். மகாராணியின் படம் கறுப்பு நாடாவோடு சுவரிலேயே இருந்தது.

அதே வெள்ளிக்கிழமைதான் பரமேஸ்வரி ரீச்சர் வந்து இறங்கினார். லண்டனிலிருந்து, மகன் ரவியோடு. ஆங்கில வாரம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், முப்பது வருடமாக லண்டன்வாசி, பனிமலை பார்க்க வந்திருந்தார். எஷ்லிமான் கடவுச்சீட்டுகளை அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்கள் ஊர் அம்மா ப்ரிச்சர்டைவிட ஐந்து மாதமும் பதினொரு நாளும் மூத்தவர்."

ப்ரிச்சர்டின் நிலைமையைச் சொன்னேன். இது அவருக்குக் கடைசித் தடவை என்றேன். எழுபது வருடத்துக்குப் பிறகு அரசருக்கு முதல் வாழ்த்து, அதை அவரிடமிருந்து பறிப்பதா என்றேன். எஷ்லிமான் அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிரித்தானியர் யார் என்று நான் தீர்மானிக்கத் தொடங்கினால், ஹெர் நாதன், அது மிக மோசமான ஹோட்டலாகிவிடும். கடவுச்சீட்டு தீர்மானிக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அந்த நியாயத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. ப்ரிச்சர்டிடம் எஷ்லிமான் தானே போய்ச் சொன்னார். கிழவர், "நிச்சயமாக, விதி என்றால் விதி," என்றார். பிறகு கைதுடைக்கும் துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். வெள்ளி இரவு இனிப்பைத் தொடவில்லை.

சனி முற்பகல் என்னை ரீச்சரிடம் அனுப்பினார்கள், பழக்குவதற்கு. பல்கனியில் சால்வை போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன தம்பி கதைக்கிறியள்? அந்த மனுசி செத்து ரெண்டு நாள். செத்தவீட்டில எழும்பி நிண்டு கிளாஸ் தூக்கிறதே?"

"இவையின்ர வழக்கம் அப்பிடி, ரீச்சர்."

"முப்பத்தொராம் நாள் கழியாமல் அடுத்த ஆளைக் கொண்டாடுறதும் வழக்கமோ? அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும். என்ன அவசரம், ஆர் இப்ப கலைக்கிறது?"

ரவி இடையில் புகுந்தான். "அம்மா, வெள்ளைக்காரர் எல்லாருக்கும் முன்னால நீங்கள் எழும்பிச் சொல்லப்போறியள். நான் வீடியோ எடுக்கவேணும். மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ."

மாட்டேன் என்றால் நான்காம் விதிப்படி வாழ்த்தே இல்லை என்று விளக்கினேன். ரீச்சர் யோசித்தார். "சரி. நான் சின்னனில பள்ளிக்கூடத்தில இந்த மனுசியின்ர தகப்பனுக்கு எழும்பி நிண்டு பாட்டுப் பாடினனான். அதை நினைச்சுச் சொல்லுறன். ஆனால் வைன் தொடமாட்டன். தண்ணி தாங்கோ."

"தண்ணி மட்டும் தர ஏலாது, ரீச்சர்."

"சுவிசில தண்ணிக்குப் பஞ்சமோ?"

முன்னூறு வருடத்துக் கதையை நான் முழுதாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "ஓம், அவையும் எங்களை மாதிரித் துரத்துப்பட்ட ஆக்கள்தானே," என்றார். பிறகு, "விசர்ச் சனங்கள்," என்றார். வைனுக்குப் பதில் கறுத்த திராட்சைச் சாறு என்று ஒப்பந்தம் ஆனது. பார்த்தால் போர்ட் மாதிரியே இருக்கும். மணந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். "த கிங்" என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். உச்சரிப்பில் பிழை பிடிக்க ஆள் பிறக்கவேணும். ப்ரிச்சர்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு விருந்தாளியின் கதையை இன்னொருவரிடம் கொண்டுபோவது எங்கள் தொழிலில் இல்லை.

விருந்து. நாற்பது பேர் அளவில். யன்னல்கள் சாத்தியாயிற்று. காப்பி இயந்திரம் நின்றது. மேசைகளிலிருந்து தண்ணீரை நானே எடுத்தேன், பூச்சாடிகளையும் எடுத்தேன். ஒரு சாடித் தண்ணீரைக் கொண்டுபோக நேரமில்லாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். எஷ்லிமான் சிறு மரச்சுத்தியலால் ஒருமுறை தட்டினார்.

ரீச்சர் எழும்பினார். நீலப் பட்டுச்சேலை. ஐந்தடி உயரம் இருக்காது. ரவி தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்க்கிறமாதிரிக் கூடத்தைப் பார்த்தார்.

"லேடீஸ் அன்ட் ஜென்டில்மென்," என்றார். "த குயின்."

ஒருவரும் அசையவில்லை. எங்கோ குளிர்ப்பெட்டி ஒன்று உறுமுவது கேட்டது. எஷ்லிமான் அட்டையைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை அவர் முகத்தில் என்ன செய்வது என்று தெரியாத பார்வையைக் கண்டேன். ரவியின் கை இறங்கிவிட்டது. ரீச்சர் மட்டும் கிளாஸைத் தூக்கியபடி நின்றார். வேறு எங்கும் பார்க்கவில்லை. இரண்டு மேசை தள்ளி இருந்த ப்ரிச்சர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவர் மேசையில் கையூன்றி எழும்பினார். "த குயின்," என்றார். பிறகு எல்லாரும் எழும்பினார்கள். தூணுக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி கரகரத்தது. குடித்தார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள்.

ஆனால் மற்றவர்கள் திரும்ப இருக்க வழியில்லை, ப்ரிச்சர்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கிளாஸில் பாதி மிச்சம் இருந்தது. தொண்டையைச் செருமினார். ரயில் அறிவிப்பாளர் போல நேராக நிமிர்ந்து நின்றார்.

"சீமாட்டிகளே, சீமான்களே," என்றார் ஆங்கிலத்தில். பிறகு வந்தது. "த கிங்."

அந்தச் சொல்லில் அவர் குரல் உடைந்தது. கூடம் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

ரீச்சரின் கிளாஸ் காலி. என்னிடம் நீட்டினார். "தம்பி, தண்ணி."

அரசருக்கு வாழ்த்து நடக்கிறது, அந்த நேரம் மேசையில் தண்ணீரா. நான் எஷ்லிமானைப் பார்த்தேன். அவர் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பினார், அங்கே இருட்டில் ஒன்றும் தெரியாது. நான் முதுகுக்குப் பின்னால் இருந்த சாடியை எடுத்து ஊற்றினேன். ரீச்சர் அரசருக்காகத் தண்ணீரைக் குடித்தார். ஸ்கொட்லாந்துக்காரர் அந்த வருடம் வரவில்லை, ரீச்சரைத் தவிரக் கூடத்தில் அதன் அர்த்தம் தெரிந்த ஒரே பிரித்தானியர் ப்ரிச்சர்ட். கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை ரீச்சரின் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் எஷ்லிமானும் நின்றார். ரவி அம்மாவோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை, மறந்துபோய் மானத்தை வாங்கிவிட்டார் என்று. நான் மெல்லக் கேட்டேன், "ரீச்சர், மறந்துதான் போனியளோ?"

"எனக்கென்ன மறதி? அந்த மனுசன்ர பல்கனி எங்கட பல்கனிக்குப் பக்கத்தில. வெள்ளி பின்னேரமும் சனி காலமையும் தனிய இருந்து 'த கிங், த கிங்' எண்டு சொல்லிப் பாத்துக்கொண்டிருந்துது. பள்ளிக்கூடத்தில பரிசுக்குப் பேசப்போற பிள்ளை மாதிரி. அதையும் நானே சொல்லிப்போட்டால் அந்தாளுக்குச் சொல்ல என்ன மிச்சம்?"

எஷ்லிமான் மொழிபெயர்க்கச் சொன்னார். செய்தேன். அவர் உட்பையிலிருந்து அட்டையை எடுத்து, உறையிலிருந்து உருவி, அடிமட்டத்தை வைத்துக் கோடு பிடித்துப் பென்சிலால் எழுதினார். ரீச்சருக்குக் கைகொடுத்துவிட்டு உள்ளே போனார். ப்ரிச்சர்ட் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அவர் காலமானதாக அவருடைய மகள் ஹோட்டலுக்கு எழுதியிருந்தார்.

ஆகவே, ஃப்ராவ் வீஸ், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். பதினேழு விதிகளையும் நீங்கள் விரும்பியபடி மாற்றலாம். தண்ணீரைக் கொடுங்கள், தூணை இடியுங்கள். பதினெட்டாவதை மட்டும் அழிக்க வேண்டாம். படத்தில் பென்சில் மங்கலாக இருந்ததால் நீங்கள் முதல் வரியை வாசித்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விதி முழுதும் இப்படி இருக்கும்: "மூத்தவர் பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம். யாருக்காவது இடம் விடுகிறார். கையில் தண்ணீர் இருக்கட்டும்."